பயன்பாட்டுக்கு வந்த நாள்

நவம்பர் 12, செவ்வாய்

இன்று முழுக்க ஒரே பத்தியோடு மல்லுக்கட்டினேன். ஆண்டறிக்கையில் 'எங்கள் தொழில்' பகுதி. போன வருஷம் எழுதியவன் "மனித குலத்தின் நாளைய நம்பிக்கையை இன்றே காக்கும் நிறுவனம்" என்று தொடங்கியிருந்தான். அதை வெட்டிவிட்டு, "உயிரணு, இரத்தம், கருமுட்டை, கரு ஆகியவற்றை உறைநிலையில் வைத்துக் காக்கும் திரவ நைட்ரஜன் தொட்டிகளைச் செய்து விற்கிறோம்" என்று எழுதினேன். தலைவர் வெய் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்ன மேடம், பாத்திரக்கடை நோட்டீஸ் மாதிரி இருக்கு?"

"நாம விக்கிறதும் பாத்திரம்தானே சார். கொஞ்சம் பெரிய ஃபிளாஸ்க்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் கோடைக்குள் பங்குச் சந்தையில் ஏற வேண்டும் என்று தூக்கத்திலும் புலம்புகிற மனிதர். நம்பிக்கையைத் திரும்ப உள்ளே சேர்த்தார். சேர்க்கட்டும்.

கணக்குக் கொள்கையில் ஜெயித்தது கணக்குத் தலைமையான நான்தான். விற்பனைத் தலைவன் தெங் வருஷா வருஷம் டிசம்பரில் தொட்டிகளை லாரியில் ஏற்றி வாடிக்கையாளர் கிடங்கில் இறக்குவான். வருமானம் என்று எழுதச் சொல்வான். பிப்ரவரியில் பாதி தொட்டிகள் சத்தமில்லாமல் திரும்பி வரும். இனி அது நடக்காது. லாரி கிளம்பினாலும் போதாது, வாங்கியவர் முத்திரை குத்தினாலும் போதாது. தொட்டியை அவர்கள் உண்மையிலேயே பயன்படுத்தத் தொடங்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். அதற்குப் பிறகுதான் அது வருமானம். தணிக்கையாளர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

தெங் என் மேஜைக்கு வந்து நின்றான். "பெய்-ரூ அக்கா, உங்க விதியால நான் வருஷக் கடைசியில பிச்சை எடுக்கப் போறேன்."

"பிப்ரவரியில எடுக்க வேண்டாம்ல. அதுக்குச் சந்தோஷப்படு."

பத்து வருஷ வேலையில் இன்றுதான் வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 13, புதன்

இறுதி வாசகம், எனக்காக இங்கே: "உபகரணம் வாடிக்கையாளரின் இடத்தில் நிறுவப்பட்டு, அவர் அதைத் தம் நோக்கத்திற்குப் பயன்படுத்தத் தொடங்கும் நாளில் வருமானம் கணக்கில் கொள்ளப்படும்." ஒரு சொல் கூட அதிகமில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

அம்மா ஊரிலிருந்து, மியாவ்லியிலிருந்து கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது பிறந்திருக்கிறதாம். செய்தி அது இல்லை, குத்தல்தான் செய்தி.

"நாப்பத்தொண்ணு ஆச்சு உனக்கு. வந்த ஆம்பளையை எல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாத்தே, கடைசியில மிச்சம் ஒண்ணும் இல்ல."

"தணிக்கை சமயம்மா, அப்புறம் பேசறேன்."

"உனக்கு எப்பவும் தணிக்கை சமயம்தான்."

அவளுக்குத் தெரியாது. காதலித்தவனோடு முறிந்த வருஷம் நான் இங்கே ஜூபெயில், ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருத்தரிப்பு மையத்துக்குப் போய், வயிற்றில் தினம் ஊசி குத்திக்கொண்டு, கருமுட்டைகளை எடுத்து உறைய வைத்தேன். எங்கள் நிறுவனத் தொட்டியில்தான். ஊழியர்களுக்குச் சலுகை உண்டு. கல்யாணம் ஆனால்தான் அவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். சட்டம் மாறப்போகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். மாறட்டும். மாறும்வரை அவை அங்கேயே தூங்கட்டும், எனக்கு அவசரமில்லை - இல்லை, பொய். அவசரம் உண்டு. இனி வேறு எடுக்க என்னிடம் இல்லை என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். இருப்பது அதுதான்.

அம்மாவிடம் சொன்னால் அழுவாள், பிறகு பிள்ளைவரம் தரும் தாயம்மன் கோயிலில் என் பெயரைச் சத்தமாகச் சொல்லி வேண்டுவாள். ஊருக்கே தெரிந்துவிடும்.

டிசம்பர் 24, செவ்வாய்

தெங் இன்று மூன்று முறை வந்தான். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்துக் கருத்தரிப்பு மையத்துக்குப் போன பெரிய தொட்டி போன வாரம்தான் நிறுவப்பட்டது. இன்னும் "ஊறுகிறது". நைட்ரஜனை நிரப்பி, உள்ளே எதையும் வைக்காமல் இரண்டு வாரம் நிற்க விட்டு, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதற்கு எங்கள் பொறியாளர்கள் வைத்திருக்கும் பேர் அது. ஊறி முடிவதற்குள் வருஷம் முடிந்துவிடும்.

வெய் அறைக்குக் கூப்பிட்டார். தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"இந்த ஒரு தொட்டி இல்லேன்னா வருஷம் நஷ்டத்துல முடியும். சந்தைக்காரன் கதவைச் சாத்துவான். வேற வழியே இல்லையா மேடம்?"

"பயன்படுத்தத் தொடங்கினா எழுதலாம் சார். இல்லேன்னா அடுத்த வருஷம்தான்."

அவர் தெங்கைப் பார்த்தார். "அப்ப பயன்படுத்தச் சொல்லு."

"எதையாவது உள்ளே வைக்கச் சொல்றேன் சார்," என்றான் தெங்.

எதை என்று நான் கேட்கவில்லை. ஊறவிடும் சோதனையில் எங்கள் தொட்டி எதுவும் தோற்றதில்லை என்று 'எங்கள் தொழில்' பகுதியில் நானே எழுதியிருக்கிறேன். பொறியாளர் பிரிவு தந்த தகவல். விதி விதிதான், அதை யாருக்காகவும் வளைக்கவில்லை என்ற திமிரோடு அறையை விட்டு வந்தேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

சான்று வந்துவிட்டது. தெங் அனுப்பிய படம்: மூடி திறந்த தொட்டி, வெண்புகை, உள்ளே இறங்கும் அடுக்கு, பக்கத்துச் சுவரில் இன்றைய தேதிக் காலண்டர். தொட்டியின் கைப்பிடியில் பச்சைப் பை சோளப் பொரி தொங்குகிறது.

தணிக்கை அலுவலகத்துப் பெண் லோ அதைப் பார்த்துச் சிரித்தாள். "முத்திரையைக் கூட நம்ப மாட்டேன் அக்கா. பச்சைப் பை தொங்குதுன்னா மிஷின் வேலையில இருக்குன்னு அர்த்தம்."

உண்மைதான். சும்மா நிற்கும் இயந்திரத்துக்கு யாரும் லஞ்சம் கொடுப்பதில்லை. அந்தப் பொரியின் பேருக்கே 'சமர்த்து' என்று அர்த்தம்; இயந்திரம் வேலையில் ஏறிய அன்றுதான், மக்கர் பண்ணாமல் 'சமர்த்தாக இரு' என்று பையை மாட்டுவார்கள். அதுவும் பச்சைதான், மஞ்சளை மாட்டினால் முறுக்கிக்கொள்ளும். எங்கள் சர்வரின் தலையிலும் ஒன்று இருக்கிறது. தொட்டியை இந்த வருஷ வருமானமாக எழுதினேன்.

ஜனவரி 17, வெள்ளி

சந்திர வருஷக் கடைசி விருந்து. வெய் மேஜை மேஜையாக வந்து கோப்பையைத் தூக்கினார். என் மேஜையில், "இந்த அம்மா இல்லேன்னா நமக்கு இந்த வருஷம் கௌரவமான கணக்கே கிடையாது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். குலுக்கலில் எனக்கு எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் அடுப்பு விழுந்தது. தெங் பாடினான், நாராசம். நானும் கை தட்டினேன்.

ஜனவரி 29, புதன்

சந்திரப் புத்தாண்டு. மியாவ்லி. சித்தி எனக்குப் பணம் வைத்த சிவப்பு உறை கொடுத்தாள். கல்யாணம் ஆகாதவர்களுக்குக் கொடுக்கும் உறை. பக்கத்தில் வாங்க நின்றவனுக்கு ஒன்பது வயது.

பிப்ரவரி 3, திங்கள்

யுன்-ஷி கூப்பிட்டாள். மையத்தின் ஆய்வகத்தில் இருப்பவள், என்னோடு பள்ளியில் படித்தவள். விடுமுறை முடிந்து இன்றுதான் ஆய்வகத்தைத் திறந்திருக்கிறாள். குரலே சரியில்லை.

"பெய்-ரூ, உக்காந்திருக்கியா?"

"சொல்லு."

"புதுத் தொட்டி. காலையில திறந்தேன். புகையே வரல. உள்ளே காஞ்சு கிடக்கு. ஒரு சொட்டு இல்ல."

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? உத்தரவாதச் செலவு. எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று. அவ்வளவு கேடுகெட்ட மண்டை.

"உள்ளே என்னடி வெச்சிருந்தீங்க?"

அவள் அழுதாள்.

தெங் வந்து நின்று, இன்றைக்கே ஏதாவது உள்ளே வைத்தால்தான் ஆச்சு என்றானாம். மையத்து மேலாளர் ஒப்புக்கொண்டாராம். பழைய தொட்டியிலிருந்து எதை மாற்றுவது? சீக்கிரம் யாரும் கேட்டு வராத பெட்டிகளை. கல்யாணம் ஆகாதவர்களின் பெட்டிகளை.

"உன் பேரைப் பாத்தேன் பெய்-ரூ. பாத்துட்டுத்தான் மாத்தினேன். உங்க கம்பெனித் தொட்டிதானேன்னு. நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்டி."

பிப்ரவரி 4

போச்சு. எல்லாம் போச்சு. ஏன் எழுதறேன்னே தெரியல.

பிப்ரவரி 6, வியாழன்

வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி விடாமல் பார்த்தேன். கழிவறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு நின்றேன். திரும்பி வந்து மீதியைப் பார்த்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

யுன்-ஷியைச் சந்தித்தேன். மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை. இருவரும் சாப்பிடவில்லை, கடைக்காரர் இரண்டு முறை வந்து சூப் சரியில்லையா என்று கேட்டார்.

இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. தொட்டியின் இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றே இருக்கக் கூடாது. எங்கோ மயிரிழை ஓட்டை வழியே காற்று புகுந்திருக்கிறது. நைட்ரஜன் வேகமாக ஆவியாகிவிட்டது. விடுமுறையில் நிரப்ப வந்தவன் பழைய தொட்டிக் கணக்குக்கு ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான். எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். மணியே பொருத்தவில்லை. ஊறி முடித்த பிறகுதான் மணி பொருத்துவார்கள்.

"டிசம்பர்லயே எடை ஜாஸ்தி குறைஞ்சுது," என்றாள். "உங்க தெங் கிட்ட சொன்னேன். புதுத் தொட்டி முதல்ல அப்படித்தான் இருக்கும், அப்புறம் அடங்கிடும்னான். வருஷக் கடைசின்னான். கணக்குப் பிரிவுல ஒரு ராட்சசி உக்காந்திருக்கா, பயன்படுத்தினாத்தான் ஒத்துக்குவேங்கறான்னான்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நூடுல்ஸைப் பார்த்தாள்.

பழைய விதி இருந்திருந்தால் தெங் முத்திரையை வாங்கிக்கொண்டு போயிருப்பான். ஒரு பொய் வருமானம் எழுதியிருப்போம். தொட்டி காலியாக நின்று, ஒழுகி, காய்ந்து, யாருக்கும் ஒன்றும் ஆகாமல் பிப்ரவரியில் திரும்பி வந்திருக்கும். பொய்க்கணக்கு எழுதியிருந்தால் என் கருமுட்டைகள் இருந்திருக்கும். நேர்மையாக எழுதினேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை நான் பத்தி பிரித்து, தணிக்கையாளர் ஒப்புதலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதற்கு யாரைத் திட்டுவது? தெங்கைத் திட்டலாம். திட்டினேன், மனசுக்குள், கெட்ட வார்த்தை எல்லாம் போட்டு. கொஞ்சம் கூட ஆறவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

வெய் அறை. நான், அவர், தெங். ஆண்டறிக்கையில் இந்த விவகாரத்தைப் பற்றி ஒரு குறிப்பு போட்டாக வேண்டும். வெய் தேநீர்க் கிண்ணங்களைக் கொதிநீரில் கழுவிக்கொண்டே பேசினார். அவர் பதற்றமாக இருந்தால் கிண்ணம் கழுவுவார்.

"பிப்ரவரியில நடந்தது. போன வருஷக் கணக்குல அதை எதுக்கு மேடம் இழுக்கறீங்க?"

"செத்தது பிப்ரவரி சார். நோய் டிசம்பர்லயே இருந்தது. எடை குறைஞ்சது இவருக்குத் தெரியும். விற்பனையைத் திருப்பி எடுக்கணும். இழப்பீடு எவ்வளவு வரும்னு இப்போ சொல்ல முடியாதுன்னு எழுதணும்."

தெங் தரையைப் பார்த்தான்.

"இழப்பீடா? எது நடந்தாலும் பொறுப்பில்லைன்னு மையம் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி வெச்சிருக்கு. சேமிப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தா முடிஞ்சுது. 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை'ன்னு ஒரு வரி போடுங்க." வெய் கிண்ணத்தைக் கவிழ்த்தார். "பொரிக்காத முட்டைக்கு யாரு விலை போடறது? அதுலயும் எல்லாம் கல்யாணம் ஆகாததுங்க. எடுத்துப் பயன்படுத்தவே முடியாத சரக்கு."

"அதுல என்னோடதும் இருந்தது சார்."

தெங் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் வெளிறிப் போனதை நான் பார்த்தேன், எனக்கு அது கொஞ்சம் இனித்தது, இப்போதும் இனிக்கிறது. வெய் எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றி, இரண்டு கையாலும் நகர்த்தி வைத்தார். நல்ல மனுஷன்தான், ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப இந்தக் குறிப்பை நீங்க எழுதக் கூடாதே மேடம்," என்றார். "நீங்க சம்பந்தப்பட்டவங்க ஆச்சே."

சரிதான். விதிப்படி அது சரிதான். சம்பந்தப்பட்டவர் விலகி நிற்க வேண்டும் என்பதையும் நான்தான் எழுதியிருக்கிறேன். அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். ஏன் குடித்தேன்?

பிப்ரவரி 27, வியாழன்

எனக்குக் கீழே வேலை பார்க்கும் இ-ஜென் குறிப்பை எழுதி முடித்துவிட்டாள். என் கண்ணில் படாமல் நடமாடுகிறாள். பாவம், அவளுக்கு வீட்டுக் கடன்.

மார்ச் 3, திங்கள்

அறிக்கை தயார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துக்குப் பதிலாக மூன்று பெயர் முத்திரை விழ வேண்டும்: தலைவர், மேலாளர், கணக்குத் தலைமை. தலைவரும் மேலாளரும் வெய்தான். மூன்றாவது நான். குறிப்பை எழுதுவதிலிருந்து என்னை விலக்கினார்கள். முத்திரையிலிருந்து விலக்க மறந்துவிட்டார்கள். எழுதத் தகுதியில்லாதவள் குத்தத் தகுதியானவளாம்.

வெய்யே என் மேஜைக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை.

"குத்திடுங்க மேடம். வெறும் கல் துண்டு. நூறு பேர் வேலை செய்யற இடம் இது. சந்தையில ஏறின பிறகு உங்களுக்கு நான் தனியா ஏதாவது செய்யறேன். டாக்டர் யாரையாவது பாருங்க, செலவு என்னது."

"பாத்தாச்சு சார். இனிமே எடுக்க ஒண்ணும் இல்லையாம்."

"தத்தெடுக்கலாமே."

நான் முத்திரையை அதன் பையில் போட்டு, பையைக் கைப்பையில் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்கள்; சோறு பரிமாற என் கை வேண்டுமாம். முடியாது.

"முடியாது சார்," என்று சொன்னேன். இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

கணக்குத் தலைமை மாறினால் அன்றே ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவித்துவிட்டார்கள். பழையவர்: ஷியாவ் பெய்-ரூ. புதியவர்: இ-ஜென். காரணம்: சொந்த விருப்பம். எல்லா நிறுவனமும் எல்லாருக்கும் போடும் காரணம்தான், நானே பலருக்குப் போட்டிருக்கிறேன்.

பெட்டியில் சாமான்களை அடுக்கும்போது தெங் வந்தான். "அக்கா, எனக்குத் தெரியாது. சத்தியமா உங்களோடது இருக்கும்னு தெரியாது."

"வேற யாரோடதாவது இருந்தா பரவாயில்லையா?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை வந்தான். தூக்கட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தணிக்கைப் பெண் லோ கூப்பிட்டாள். "ஏன் அக்கா?" என்று மட்டும் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். எடை குறைந்தது, தெங் சொன்னது, அடுக்கில் யார் யார் பெட்டி இருந்தது, அந்தப் பச்சைப் பை படம் எப்படி வந்தது, எல்லாம். அவள் கடைசியில், "நான்தானே அந்தப் படத்தைப் பாத்துச் சிரிச்சேன்" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

அறிக்கை வெளியாகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து படித்தேன், சம்பளம் இல்லாமல்.

லோ சண்டை போட்டிருக்கிறாள் போலிருக்கிறது. தொட்டியின் விற்பனையைப் போன வருஷத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வருஷம் நஷ்டத்தில் முடிந்திருக்கிறது. சந்தையில் ஏறுவது தள்ளிப்போய்விட்டதாகச் செய்தியில் ஒரு ஓரத்தில் வந்திருந்தது. சந்தோஷப்பட முயன்றேன்.

பெண்களைப் பற்றிய வரி அப்படியே இருக்கிறது. "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை." தணிக்கையாளர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தொகையை வைத்துப் பார்த்தால் அது தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். நானே அங்கே உட்கார்ந்திருந்தாலும், என் பெயர் அதில் இல்லாதிருந்தால், அந்த வரியை ஒரு திருத்தமும் இல்லாமல் விட்டிருப்பேன்.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். வேலை போனதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஊசி போட்டுக்கொண்டதிலிருந்து எல்லாம் வந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். டி.வி. சத்தத்தை யாரோ குறைத்தது கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டுவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா காலையில் வந்து கதவைத் தட்டினாள். முதல் ரயிலில் வந்திருக்கிறாள். கையில் துணி சுற்றிய அடுக்குப் பாத்திரம், தோள்பையில் இரண்டு பாட்டில் அரிசி மது. நேரே அடுப்படிக்குப் போனாள்.

நல்லெண்ணெயில் முற்றிய இஞ்சி வதங்கும் வாசனை வந்தது. குளிர்காலத்தில் எல்லார் வீட்டிலும் வரும் வாசனைதான். எட்டிப் பார்த்தேன். கோழியைப் போட்டு மதுவை ஊற்றினாள். இரண்டாவது பாட்டிலையும் ஊற்றினாள். தண்ணீர் ஒரு சொட்டு சேர்க்கவில்லை. அப்படிச் சமைப்பது பிள்ளை பெற்றவளுக்கு. இல்லையென்றால் கரு கலைந்தவளுக்கு. என் அண்ணி இரண்டுக்கும் குடித்திருக்கிறாள், இதே பாத்திரத்தில்.

"அம்மா, எனக்கு அதெல்லாம் ஒண்ணும்—"

"தெரியும். சூடா குடி."

குடித்தேன். காரமும் மதுவுமாகத் தொண்டை எரிந்தது. அவள் எதிரே உட்கார்ந்து நான் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சைத் தண்ணியில கை வைக்காதே. காத்துல நிக்காதே. ஒரு மாசம் தலைக்கு ஊத்தாதே," என்றாள். எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். பாத்திரம் தேய்க்கப் போன என்னைக் கையைப் பிடித்துத் தள்ளி, கட்டிலில் உட்கார வைத்துக் காலைப் போர்த்தினாள்.

தலைக்குக் குளித்து நான்கு நாள் ஆகிறது, இன்று குளிப்பதாக இருந்தேன். குளிக்கவில்லை.